குன்னூர் பழைய வீட்டுக்கு மென்னிறக் காட்டேஜ் அலங்காரம்: எங்கே தொடங்குவது?

கேட்டிருப்பது இது: குன்னூரில் தாத்தா வாங்கிய பழைய ஓட்டு வீடு கைக்கு வந்திருக்கிறது. கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டியது. ஃபயர்பிளேஸ், வெளியே துருத்தி நிற்கும் பெரிய ஜன்னல், பலகைத் தரை எல்லாம் அப்படியே இருக்கின்றன. இங்கிலாந்துக் கிராமத்து வீட்டுச் சாயலில், வெளிர் நிறங்களில், பழமை கெடாமல் அலங்கரிக்க ஆசை. எந்த பேஸ்டல் நிறம் அடிப்பது, தாத்தாவின் தேக்குச் சாமான்களுக்கு வெள்ளை பெயிண்ட் அடிக்கலாமா, திரைக்கும் சோபாவுக்கும் என்ன துணி, குளியலறையை என்ன செய்வது?

மலையில் இந்த மாதிரி வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலையில் பல வருஷமாக இருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். ஷேடு கார்டைக் கையில் எடுக்கும் முன் சுவரைப் பாருங்கள். இந்தப் பாணியில் நம் கண்ணைப் பிடிக்கிற மென்மையில் பெரும்பகுதி, பளபளப்பே இல்லாத சுண்ணாம்புப் பூச்சிலிருந்தும் அதன்மேல் விழும் வெளிச்சத்திலிருந்தும் வருகிறது. அதே இளம்பச்சையைப் பளபளக்கும் பிளாஸ்டிக் எமல்ஷனில் அடித்தால் நர்சிங் ஹோம் வராந்தா போல ஆகிவிடும்.

இந்தப் பாணி பிறந்த கதையில் இதற்கான காரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் காட்டேஜ் என்பது பண்ணைக் கூலிக்காரர்களின் வீடு. சின்ன ஜன்னல், தாழ்ந்த கூரை, உள்ளே இருட்டு. வெளிச்சத்துக்காகவும் சுத்தத்துக்காகவும் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். நிறம் வேண்டுமென்றால் பக்கத்தில் கிடைத்த மண்ணைக் கலந்தார்கள். சஃபோக் பகுதி வீடுகளின் இளஞ்சிவப்பு இன்றும் பேர்பெற்றது. பிறகு பணக்காரர்களுக்கு இந்த எளிமை மேல் ஆசை வந்தது. பிரிஸ்டல் பக்கத்தில் பிளேஸ் ஹாம்லெட் என்று ஒரு குட்டிக் கிராமம் இருக்கிறது. எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்காக ஜான் நாஷ் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த ஒன்பது வீடுகள், 1811 வாக்கில் முடிந்தவை. பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்றே கட்டிய காட்டேஜ்களில் மிகப் பிரபலமானவை அவை. 1953இல் லாரா ஆஷ்லி லண்டனில் தன் சமையலறை மேஜையில் துணி அச்சடிக்க ஆரம்பித்தார். பின்னாளில் அவருடைய குட்டிப் பூத்துணிகள் உலகெங்கும் போயின. 1989இல் ரேச்சல் ஆஷ்வெல் கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகாவில் கடை திறந்தபோது, பெயிண்ட் உரிந்த பழைய மேஜையும் தளர்ந்த வெள்ளை சோபா உறையும் ஃபேஷன் ஆயின. இன்று இணையத்தில் நீங்கள் பார்க்கும் படங்கள் பெரும்பாலும் இந்தக் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்தவை.

உங்கள் வீடு இதற்கெல்லாம் அந்நியமில்லை. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சலிவன் 1819இல் கோத்தகிரி பக்கம் திம்பட்டியில் பங்களா கட்டினார். 1822இல் ஊட்டியில் அவருடைய ஸ்டோன் ஹவுஸ் வீட்டு வேலை தொடங்கியது. அதன்பின் வெயிலுக்குப் பயந்து மலையேறி வந்தவர்கள் ஊரில் விட்டுவந்த வீட்டை நினைத்து இங்கே வீடு கட்டினார்கள். 1899இல் குன்னூர் வரைக்கும் ரயில் வந்துவிட்டது. ஆனால் மண்ணும் மரமும் கொத்தனாரும் இந்த ஊர். அதனால் உங்கள் வீட்டில் இங்கிலாந்து வடிவமும் தமிழ்நாட்டுச் சுண்ணாம்பு வேலையும் ஏற்கெனவே சேர்ந்தே இருக்கின்றன. புதிதாக வேஷம் போட வேண்டியதில்லை, மேலே மூடியிருப்பதை எடுத்தாலே போதும்.

சரி, சுவருக்கு வருவோம். அலமாரிக்குப் பின்னாலோ ஜன்னல் ஓரத்திலோ யார் கண்ணிலும் படாத ஒரு இடத்தில், ஒரு ரூபாய் நாணய அளவுக்குக் கத்தி முனையால் மெதுவாகச் சுரண்டுங்கள். மேலே தோல் மாதிரி இழுபட்டு உரிந்தால் அது எமல்ஷன். அதன் கீழே பெரும்பாலும் கையில் மாவாக ஒட்டும் டிஸ்டெம்பர் இருக்கும், அநேகமாகப் பட்டாணிப் பச்சை அல்லது வெளிர் மஞ்சள். அதற்கும் கீழே நீலம் போட்ட சுண்ணாம்பு, அப்புறம் வெறும் சுண்ணாம்பு, கடைசியில் சாந்து. ஈரத் துணியால் ஒவ்வொரு படலத்தையும் லேசாகத் துடைத்துவிட்டுப் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். ‘எந்த பேஸ்டல்?’ என்ற கேள்விக்கு உங்கள் வீடே பதில் எழுதி வைத்திருக்கிறது. இந்த ஜன்னல் அளவுக்கும் இந்த உயரத்துக்கும் ஒத்துவந்ததால்தான் அந்த நிறங்கள் பல வருஷம் அங்கே இருந்தன. நான் முதலில் அவற்றிலிருந்துதான் தேர்ந்தெடுப்பேன்.

மேலே எமல்ஷனும் பட்டியும் (பெயிண்டுக்கு முன் சுவரை வழவழப்பாக்கப் பூசும் மாவு) இருந்தால் எடுத்துவிடுவது நல்லது. சுண்ணாம்புச் சாந்துச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயில் வந்ததும் வெளியே விடும். அதன்மேல் பிளாஸ்டிக் படலம் போட்டால் ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை சுவர் நனைந்து, ஜனவரியில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். உப்புப் பூத்துப் பொரியும். அதைப் பார்த்துவிட்டு இன்னொரு கோட் ‘வாட்டர்புரூஃப்’ அடிப்பார்கள், அடுத்த வருஷம் இன்னும் மோசமாகும். சிமென்ட் பூச்சுக்கும் இதே கதைதான். எங்காவது சிமென்டால் ஒட்டுப் போட்டிருந்தால் அந்த இடத்தை மட்டும் கொத்திவிட்டுச் சுண்ணாம்புச் சாந்திலேயே பூசச் சொல்லுங்கள். வெளியே வீட்டைச் சுற்றிப் பார்த்து, மண் மேடு உள்தரை மட்டத்துக்கு மேலே ஏறியிருந்தால் வெட்டித் தாழ்த்துங்கள். மழைத் தூம்பு அடைத்திருந்தால் எடுங்கள். ஓதம், அதாவது சுவரில் ஏறும் ஈரம், அடங்காத வரை எந்த நிறமும் அந்தச் சுவரில் நிலைக்காது.

சுண்ணாம்பு அடிப்பது மலிவான வேலை, ஆனால் அவசரப்படக் கூடாது. நன்றாக நீற்றிய சுண்ணாம்பு வேண்டும். கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் இன்னும் வெண்மையாக, வழவழப்பாக வரும். ஒரு கிலோவுக்குச் சுமார் ஐந்து லிட்டர் தண்ணீர் விட்டுக் கரைத்து, ஒரு நாள் முழுக்க ஊறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். ஒட்டுவதற்கு வஜ்ஜிரத்தை (தோல், எலும்பிலிருந்து எடுக்கும் பசை) வெந்நீரில் கரைத்துக் கொஞ்சமாகச் சேர்ப்பார்கள். அதிகமானால் செதில் செதிலாக உரியும், ஈரமான அறையில் பூஞ்சையும் பிடிக்கும். சுவரை முதலில் தண்ணீர் தெளித்து நனைத்துக்கொள்ளுங்கள். பால் மாதிரி நீர்க்க, மெல்லியதாக மூன்று கோட். ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. அடிக்கும்போது ஒன்றுமே ஒட்டாதது போலத் தெரியும், பயப்படாதீர்கள். காய்ந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு அது திரும்பச் சுண்ணாம்புக் கல்லாக மாறும்போதுதான் வெண்மை எழும்பும். மலை மூட்டம் இதற்கு நல்லது, வேகமாகக் காய்ந்தால் பொடிந்துவிடும். சுண்ணாம்பு கண்ணைக் கெடுக்கும். அடிப்பவர் கண்ணாடியும் கையுறையும் போடட்டும், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

சுண்ணாம்பில் நிறம் சேர்ப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதில் எல்லாச் சாயமும் நிற்காது, காரத்தில் வெளுத்துப்போகும். மஞ்சள் காவி, செங்காவி, பழுப்பு மண், கரிக்கறுப்பு, குரோமியம் ஆக்சைடு பச்சை, துணிக்குப் போடும் அல்ட்ராமரின் நீலம், இவ்வளவுதான் நம்பகமானவை. சுண்ணாம்பே வெள்ளை என்பதால் இவற்றில் எதைப் போட்டாலும் வெளிறித்தான் வரும். மண் நிறங்கள் என்பதால் ஒன்றோடொன்று சண்டையும் போடாது. பழைய காட்டேஜ் அறைகளில் எல்லா நிறமும் ஒரே குடும்பமாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். ஈரத்தில் பார்ப்பதைவிடக் காய்ந்தபின் பல மடங்கு வெளுக்கும் என்பதை மறக்காதீர்கள். ஒரு தேங்காய்த் தொட்டி அளவு கரைத்து, ஒரு பலகையில் அடித்து, இரண்டு நாள் விட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். நிறப்பொடியைத் தண்ணீரில் குழைத்து வடிகட்டிய பிறகே சேருங்கள், நேராகக் கொட்டினால் கோடு கோடாக இழுக்கும்.

சில சுவர்கள் சிமென்ட் பூச்சாக இருந்து அவற்றுக்குக் கடைப் பெயிண்ட்தான் வழி என்றால், முழு மேட் ஃபினிஷ் வாங்குங்கள். ஷேடு கார்டில் பிடித்த நிறத்தை அப்படியே கேட்காமல், அதில் பாதி அளவு நிறமூட்டி மட்டும் போட்டு, ஒரு துளி கறுப்போ பழுப்போ சேர்க்கச் சொல்லுங்கள். கார்டில் உள்ள பேஸ்டல்கள் தூய வெள்ளையில் கலந்தவை. அறை முழுக்க அடித்தால் மிட்டாய் நிறம் ஏறிவிடும். அந்த ஒரு துளி அழுக்குதான் இளம்பச்சையைக் கற்பூரவள்ளி இலையின் பின்பக்கமாக மாற்றுகிறது.

அடுத்தது வெளிச்சம். இங்கிலாந்து 50 டிகிரி அட்சரேகைக்கு மேலே இருக்கிறது. சூரியன் தாழ்ந்து, பாதி நாள் மேகத்துக்குள் இருக்கும். அந்தச் சாம்பல் வெளிச்சத்தில் வெளிர் நிறங்கள் நின்று பேசும். குன்னூர் 11 டிகிரியில், சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூட்டம் இருக்கும் நாளில் இங்கிலாந்து மாதிரியேதான், ஆனால் மூட்டம் விலகினால் வெயில் கண்ணைக் கூசும். ஒரே சுவர் காலையில் ஒரு நிறம், பதினொரு மணிக்கு இன்னொரு நிறம். அதனால் மாதிரிப் பலகையை இரண்டு அடிக்கு இரண்டு அடி அளவில் செய்து, அறையின் எல்லாச் சுவரிலும் சாய்த்து வைத்து, காலை, மதியம், விளக்குப் போட்டபின் மூன்று வேளையும் பாருங்கள். வடக்கு ஜன்னல் அறையில் வெளிச்சம் குளிர்ந்து நீலம் தட்டும், அங்கே செங்காவி துளி சேர்த்த இளஞ்சிவப்போ மோர் மஞ்சளோ அடித்தால் அறை உயிரோடு இருக்கும். சாம்பல் நீலத்தை அங்கே அடித்தால் மழைக்காலத்தில் உட்கார மனசு வராது. நீலமும் பச்சையும் மேற்கு, தெற்கு அறைகளுக்கு.

விளக்கைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. நம் ஊர்க் கடைகளில் எல்இடி பல்ப் கேட்டால் கையில் கொடுப்பது பெரும்பாலும் 6500 கெல்வின், அதாவது நீலம் கலந்த பால் வெள்ளை. அதன் கீழே நீங்கள் பார்த்துப் பார்த்துக் கலந்த மோர் நிறம் சுண்ணாம்புத் தண்ணீர் போலச் செத்துவிடும். அட்டைப்பெட்டியில் 2700 கெல்வின் என்று போட்டதைக் கேட்டு வாங்குங்கள், கிடைக்காவிட்டால் 3000. உச்சியில் ஒரே டியூப் லைட் வேண்டாம். துணிக்கூண்டு போட்ட மேஜை விளக்கு, சுவர் விளக்கு என்று அறைக்கு மூன்று நான்கு சின்ன விளக்குகளாகப் பிரியுங்கள். நான் பார்த்த வீடுகளில் வெறும் பல்ப் மாற்றியதிலேயே அறை பாதி தேறியதுண்டு.

நிறங்களைக் குறிப்பாகச் சொல்லுங்கள் என்றால் என் தேர்வு இது. கூடத்துக்கும் நடைக்கும் மஞ்சள் காவி துளி சேர்த்த மோர் வெள்ளை. படுக்கையறை ஒன்றுக்கு வாடிய பன்னீர் ரோஜா. சமையலறைக் கதவு, ஜன்னல் சட்டங்களுக்குச் சாம்பல் கலந்த பச்சை. இன்னொரு அறைக்கு நீலம் வேண்டுமென்றால் தோட்டத்துக்குப் போங்கள், குன்னூர் வீட்டில் ஹைட்ரேஞ்சியா இல்லாமல் இருக்காது. நீலகிரி மண் அமிலத்தன்மை உள்ளது என்பதால் இங்கே அது நீலமாகப் பூக்கும், சுண்ணாம்பு மண்ணில் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும். முழுதாகப் பூத்த நிறத்தை எடுக்காதீர்கள். கொத்து செடியிலேயே முதிர்ந்து காகிதம் மாதிரி ஆகும்போது ஒரு இதழைப் பறித்துப் பாருங்கள். ஓரத்தில் பச்சை, நடுவில் சாம்பல் நீலம், நரம்பில் கொஞ்சம் ஊதா இருக்கும். அந்த ஒரே இதழில் சுவருக்கும் சட்டத்துக்கும் திரைக்குமான மூன்று நிறங்கள் கிடைத்துவிடும்.

மரச்சட்டங்களுக்குப் பளீர் வெள்ளை எனாமல் வேண்டாம். சுவரைவிட ஒரு படி அடர்த்தியான நிறம், மங்கிய பளபளப்பு. கூரைப் பலகைகள் கறுத்திருந்தால் மட்டும் சுவர் நிறத்தையே இன்னும் வெளுப்பாக அடிக்கலாம். சமவெளியில், சென்னை மாதிரி வெயில் ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்தால், எல்லாவற்றையும் ஒரு படி அடர்த்தியாக எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வெயில் மீதியை வெளுக்க வைத்துவிடும்.

தேக்குச் சாமான்கள். பெயிண்ட் அடிக்காதீர்கள், தயவுசெய்து. தேக்கோ ஈட்டி மரமோ என்றால் அதன் நிறமே வெளிர் சுவருக்கு எதிரே ஒரு கனமான நங்கூரம். எல்லாமே வெளுத்த அறையில் கண் தங்க இடமிருக்காது. இங்கிலாந்துக் காட்டேஜ்களிலும் கறுத்த ஓக் மேஜை ஒன்றாவது இருக்கும். பெயிண்ட் அங்கே மலிவான பைன் மரத்துக்குத்தான் அடித்தார்கள். தாத்தாவின் அலமாரியில் பழைய வார்னிஷ் பிசுபிசுத்திருந்தால் வார்னிஷை மட்டும் எடுத்துவிட்டு, தேன்மெழுகும் டர்பன்டைனும் கலந்த மெழுகைத் துணியால் தேய்த்து மெருகேற்றுங்கள். நல்ல தேன்மெழுகு கோத்தகிரியிலேயே கிடைக்கிறது.

பெயிண்ட் அடிக்கும் ஆசையைச் சில்வர் ஓக் பெஞ்ச், பிளைவுட் அலமாரி, பழைய பள்ளிக்கூட நாற்காலி ஆகியவற்றில் தீர்த்துக்கொள்ளலாம். இதற்கென்றே சாக் பெயிண்ட் இருக்கிறது. பளபளப்பில்லாத மரச்சாமான் பெயிண்ட், 1990இல் இங்கிலாந்தின் ஆனி ஸ்லோன் என்பவர் கொண்டுவந்தது. வீட்டில் செய்ய, மூன்று பங்கு மேட் எமல்ஷனுக்கு ஒரு பங்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், ஒரு பங்கு தண்ணீர். பொடியை முதலில் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துவிட்டுப் பெயிண்டில் ஊற்ற வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள், அரைமணியில் இறுகிவிடும். இரண்டு கோட் காய்ந்ததும் மேலே மெழுகு.

தேய்ந்த தோற்றம் வர உப்புத்தாள் போடும்போதுதான் பலரும் கைதவறுகிறார்கள். மேஜையின் நடுவிலும் காலின் நடுவிலும் திட்டுத் திட்டாகத் தேய்த்து வைப்பார்கள். பழைய டிராயர் ஒன்றை உற்றுப் பாருங்கள். குமிழின் வலதுபக்கம், விரல் நகம் படும் இடத்தில், பிறைச்சந்திர வடிவில் மரம் தெரியும். டிராயரின் மேல்விளிம்பில் நடுப்பகுதி மட்டும் மழுங்கியிருக்கும், ஏனென்றால் தள்ளி மூடும் உள்ளங்கை அங்கேதான் படும். நாற்காலியில் முன்சட்டமும் கைப்பிடி நுனியும். கை, கால், துடைப்பம் படாத இடத்தில் பெயிண்ட் புதிது போலவே இருக்கும். அந்த இடங்களில் மட்டும் தேயுங்கள், மீதியைக் காலம் தேய்க்கும்.

ஒரு எச்சரிக்கை. பழைய கதவு, ஜன்னல், தொட்டில் இவற்றின் எனாமல் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 கடைசியில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தையதை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், தீயால் சுட்டும் எடுக்காதீர்கள். தண்ணீர் தொட்டு ஈரமாகத் தேய்த்து, உரித்ததைக் கட்டி அப்புறப்படுத்தி, தரையை ஈரத் துணியால் துடையுங்கள். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் அந்த வேலை முடியும்வரை வேறு வீட்டில் இருப்பது உத்தமம்.

துணி விஷயத்தில் உங்களுக்கு ஒரு உரிமையே இருக்கிறது. காட்டேஜ் என்றதும் நினைவுக்கு வரும் பூக்கொடி போட்ட துணியின் பூர்வீகம் சோழமண்டலக் கரை. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய, டச்சுக் கம்பெனிக் கப்பல்களில் இங்கிருந்து போனது. கடுக்காயிலும் எருமைப்பாலிலும் ஊறவைத்த பருத்தியில், படிகாரம் தொட்டு எழுதி, சாயவேரில் சிவப்பும் அவுரியில் நீலமும் ஏற்றினார்கள். எத்தனை முறை துவைத்தாலும் நிறம் போகாத பருத்தித் துணியை ஐரோப்பா அதுவரை கண்டதில்லை. ஆரம்பத்தில் அடர் சிவப்புத் தளத்தில் போன துணிகளை, தளம் வெள்ளையாகவும் பூ மட்டும் நிறமாகவும் எழுதி அனுப்பச் சொல்லி 1643இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்கள் லண்டனிலிருந்து கேட்டார்கள். வெள்ளைத் தளத்தில் பூ என்ற இன்றைய காட்டேஜ் துணி அந்த வேண்டுகோளின் வழிவந்ததுதான். மோகம் அளவுமீறி, அங்குள்ள கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தெழுந்து, 1700இல் இறக்குமதியைக் கட்டுப்படுத்திச் சட்டம் வந்தது. 1721இல் அச்சிட்ட பருத்தி பெரும்பாலானவற்றை உடுத்தவும் வீட்டில் பயன்படுத்தவுமே தடை. 1774 வரை அது நீடித்தது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அந்தக் காலத்துச் சோழமண்டலத் துணிகளை இன்றும் பார்க்கலாம். தஞ்சாவூர் வட்டாரத்தில் சிக்கல்நாயக்கன்பேட்டை, கருப்பூர்க் கலம்காரிக் குடும்பங்கள் இன்னும் துணியில் கையால் எழுதுகிறார்கள். ஒரு துண்டு வாங்கி ஃபயர்பிளேஸுக்கு மேலே மாட்டினால் உங்கள் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஓவியம் வேறில்லை.

திரைக்கும் சோபாவுக்கும் அவ்வளவு செலவழிக்க வேண்டாம். கரூரில் ஐரோப்பாவுக்குப் போகும் மேஜைத்துணி, சமையலறைத் துண்டு, திரைச்சீலைகளைத்தான் வருஷம் முழுக்க நெய்கிறார்கள். எக்ஸ்போர்ட் மிச்சமாக வரும் கோடு போட்ட கெட்டிப் பருத்தியும் சின்னக் கட்டமும் இந்தப் பாணிக்கு அச்சாகப் பொருந்தும். அறைக்கு ஒரு பெரிய பூ, ஒரு சின்னப் பூ, ஒரு கோடு. மூன்றிலும் ஒரு நிறம் பொதுவாக இருக்கட்டும், தளம் பளீர் வெள்ளையாக இல்லாமல், வெளுக்காத பருத்தியின் கோரா நிறமாக இருக்கட்டும். துணி அதிக வெள்ளையாக இருந்தால் உங்கள் ஊர் டீத்தூளே மருந்து. கஞ்சி போக அலசிய துணியைப் படிகாரம் கரைத்த வெந்நீரில் ஊறவைத்துவிட்டு, வடிகட்டிய கெட்டி டிக்காஷனில் அரைமணி நேரம் அமிழ்த்திக் கிளறிக்கொண்டே இருங்கள். இரும்புப் பாத்திரம் கூடாது, துணி கறுத்துவிடும். காய்ந்தபின் பழைய காகிதத்தின் நிறம் வரும். திரை ஜன்னல் மட்டத்தோடு நிற்காமல் தரை வரை தொங்கட்டும். குன்னூர்க் குளிருக்குப் பின்னால் ஒரு காடா உள்துணி கொடுத்துத் தைத்தால் காற்றும் அடங்கும், சாயமும் வெளுக்காது.

தோடர் பூவேலை ஒன்றை வீட்டில் வையுங்கள் என்று கண்டிப்பாகச் சொல்வேன். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூலெண்ணித் தைப்பது. 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. வெளிர் அறையில் அந்தச் சிவப்பும் கறுப்பும் தூக்கலாகத் தெரியும், அதனால் ஒரு நாற்காலி முதுகிலோ கட்டில் கால்மாட்டிலோ ஒன்று போதும். தைக்கும் பெண்களிடமே வாங்குங்கள், மெஷினில் அடித்த போலிகள் ஊட்டிக் கடைகளில் நிறைய.

பொருள்களில், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு ஒரு நாள் போய்வாருங்கள். செட்டியார் வீடுகளிலிருந்து வந்த எனாமல் தூக்கும் தட்டும் அங்கே குவிந்திருக்கும். சுவீடன், செக்கோஸ்லோவாக்கியா, ஜப்பானில் செய்தவை, இளநீலம், வெண்ணெய் மஞ்சள், ஓரத்தில் மெல்லிய பச்சைக்கோடு. ஐரோப்பியக் கிராமத்துச் சமையலறையில் இருந்த அதே சாதி. வீட்டிலுள்ள பழுப்பு வெள்ளை ஊறுகாய் ஜாடியையும் தாத்தாவின் பித்தளைக் கூஜாவையும் பூ வைக்க எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகச் செய்து பழசாக்கி விற்கும் ஆங்கில வாசகப் பலகைகள், பிளாஸ்டிக் லாவண்டர் கொத்துகள் வேண்டாம். உண்மையான பழைய பொருள் நிறைந்த அறையில் அவை ஒட்டாமல் தனியாக நிற்கும்.

பலகைத் தரையை வார்னிஷ் போட்டுக் கண்ணாடி ஆக்காதீர்கள், எண்ணெயும் மெழுகும் போதும். ஃபயர்பிளேஸைப் பயன்படுத்துவதாக இருந்தால் முதலில் புகைக்கூண்டைச் சுத்தம் செய்து, பறவைக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள். எரியும்போது ஒரு ஜன்னல் கொஞ்சம் திறந்தே இருக்க வேண்டும். கரிச் சட்டியை மூடிய அறைக்குள் வைத்துத் தூங்குவது உயிருக்கே ஆபத்து. விருந்தினருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

கடைசியாகக் குளியலறை. தண்ணீர் தெறிக்கும் உயரம் வரை சுண்ணாம்பு நிற்காது. நாலடி வரைக்கும் வெற்று வெள்ளைச் சதுர டைல், மேல்விளிம்பில் ஒரு வரிசை வெளிர்ப் பச்சை, அதற்கு மேலே கூரை வரை சுண்ணாம்பு. பூப்போட்ட டைல் வேண்டாம், பூவைத் துணிக்கே விட்டுவிடுவோம். குழாய்கள் பித்தளையாக இருந்தால் மாற்றாமல் வாஷர் மட்டும் போடச் சொல்லுங்கள். எக்சாஸ்ட் ஃபேன் அவசியம், இல்லையென்றால் பக்கத்து அறைச் சுவர் வரை ஓதம் ஏறும்.

வேலையைப் பிப்ரவரியில் ஆரம்பியுங்கள். அந்த மாதம் கூரை ஓடும் தூம்பும் உரித்தலும், மார்ச்சில் சாந்து, ஏப்ரலில் சுண்ணாம்பு. மரச் சாமானும் துணியும் அதற்கப்புறம் வரட்டும். முதல் மழைக்காலம் முழுக்க ஒரு அறையை மட்டும் அலங்கரிக்காமல் காலியாக விட்டு, சுவர் எப்படி நடந்துகொள்கிறது என்று கவனியுங்கள். ஏதாவது ஒரு மூலையில் ஈரம் தெரிந்தால் அந்த இடத்தின் போட்டோவையும், வெளியே அதே இடத்தில் என்ன இருக்கிறது என்ற போட்டோவையும் சேர்த்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.